முரணே கூத்தின் உயிர்

சென்னையினின்று தெற்கு நோக்கி வரும் பெருவழி, திண்டிவனத்தைக் கடந்து விக்கிரவாண்டியை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை விழுப்புரம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்கின்றது; மற்றொரு கிளை பண்ணுருட்டி வழியாகக் கும்பகோணத்திற்கும் தஞ்சாவூருக்கும் செல்கின்றது. வழி ஒன்றாக இருக்குங்காறும் வழிப்போக்கன் எண்ணிப் பார்க்க வேண்டுவது யாதொன்றும் இல்லை; கால் சென்ற வழியே அவனும் செல்வான். வழி இரண்டாகும் இடத்திலோ அவன் நின்று எண்ணியே தீரவேண்டும். ஒன்றைக் கொள்ள விரும்பின் மற்றொன்றைக் கைவிடல் வேண்டும். நெறிகள் கவர்த்துப் பிரியும் இத்தகைய இடத்திற்குப் பண்டைத் தமிழர் ‘கவலை’ என்று பெயரிட்டனர். மனத்தில் தோன்றும் துயரத்திற்கும் அவர்கள் அப்பெயரையே வழங்கினர். ஒரு சொல்லே இவ்விரண்டு பொருளையும் தாங்கி நிற்பது எண்ணி மகிழத்தக்கது. நெறி இரண்டாகக் கவர்க்கும் இடத்தில்தான் நெஞ்சமும் இரண்டாகக் கவர்க்கின்றது.

கதை பிறக்கும் இடமும் அதுவே. கூத்தாயினும், மேடை நாடகமாயினும், திரைப்படமாயினும் காண்போர் உள்ளத்தைப் பற்றி ஈர்ப்பது அதன்கண் அமைந்த முரணேயாகும். உடலுக்கு உயிர் எத்தகையதோ, கதைக்கு முரண் அத்தகையது. உயிர் நீங்கிய உடலுக்குப் பட்டாடை உடுத்திப் பொன்னணி பூட்டினும் அது எழுந்து நடவாது. அவ்வாறே முரண் இல்லாத கதைக்கு இன்னிசையும் ஒளிமிக்க காட்சிகளும் எத்துணை சேர்ப்பினும் அது காண்போர் உள்ளத்தில் நில்லாது.

இந்நாளில் சிற்றூர் இளைஞர் பலர்க்குத் திரைக்கதை எழுதும் வேட்கை உண்டாகியிருக்கின்றது. அவ்வேட்கை இகழத்தக்கதன்று. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் முரண் என்பதனைச் சண்டை என்றே எண்ணிவிடுகின்றனர். நல்லவன் ஒருவனைப் படைத்து, அவனுக்கு எதிராகத் தீயவன் ஒருவனை நிறுத்தி, இருவரையும் மோதவிட்டால் கதை முடிந்தது என்பது அவர்தம் கருத்து. இக்கருத்துப் பிழையுடையது என்பதனைத் தெளிவாக உணர்தல் வேண்டும். தெருவில் இரண்டு காளைகள் மோதிக்கொள்ளுமாயின் மக்கள் கூடி நின்று பார்ப்பர். மோதல் முடிந்தவுடன் கலைந்து செல்வர். மறுநாள் அதனை நினைப்பவர் ஒருவரும் இலர். காளைகளுக்கு வலிமை உண்டு, தேர்தல் இல்லை. ஆகலின் ஆங்குச் சண்டை உண்டு, முரண் இல்லை.

அங்ஙனமாயின் முரண் என்பது யாது? ஒருவன் ஒன்றினை உயிரினும் மேலாக விரும்புகின்றான்; அது வேட்கை. அதனை அடைய விடாது ஒன்று குறுக்கே நிற்கின்றது, அது தடை. அதனை அடைய வேண்டுமாயின், தனக்கு அருமையான மற்றொன்றை அவன் இழக்க வேண்டும், அது விலை. விலையைக் கொடுப்பதா, வேட்கையைக் கைவிடுவதா என்று அவன் துணிய வேண்டும், அது தேர்வு. இந்நான்கும் ஒருங்கு கூடிய இடத்திலேயே முரண் பிறக்கும். இவற்றுள் முதலிரண்டையும் எவரும் எளிதில் அமைத்துவிடுவர். பின்னிரண்டையும் அமைப்பதிலேதான் ஆசிரியனின் ஆற்றல் விளங்கும். விலை கொடாத வெற்றி காண்போர்க்கு வெற்றியாகத் தோன்றுவதில்லை.

இவ்வுண்மையை விளக்குதற்குத் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. விக்கிரவாண்டிக்கு அண்மையிலுள்ள பனையபுரம் என்னும் ஊர், திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற புறவார் பனங்காட்டூர் ஆகும். புறாவுக்காகத் தன் தசையை அரிந்தளித்த சிபி மன்னனின் வரலாற்றை இத்தலத்தோடு இணைத்துக் கூறுவது மரபு. அக்கதையைச் சிறுவரும் அறிவர். ஆயினும் அது பல நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பதன் காரணத்தை ஆராய்வார் சிலரே.

பருந்துக்கு அஞ்சிய புறா மன்னனிடம் அடைக்கலம் புகுகின்றது. அடைக்கலம் புகுந்ததனைக் காப்பது அறம். பின்னே வந்த பருந்தோ, அப்புறா தனக்கு இயற்கை வகுத்த இரை என்றும், அதனைத் தடுத்தால் தான் பசியால் மாள நேரும் என்றும் முறையிடுகின்றது. அதுவும் அறமே. புறாவைக் கொடுப்பின் அடைக்கலம் கெடும். கொடாதொழியின் பசித்த உயிர் மாளும். பருந்தினைக் கொடியது என்று தள்ளிவிட்டு ஓர் அம்பினால் வீழ்த்தியிருப்பின் கதை அக்கணமே முடிந்திருக்கும். அதனை எவரும் நினைவிற் கொண்டிருக்கமாட்டார். பருந்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தமையால்தான் மன்னன் துலாக்கோலின்முன் நின்றான். அறத்திற்கும் மறத்திற்கும் இடையே நிகழும் போரைக் காட்டிலும், அறத்திற்கும் அறத்திற்கும் இடையே நிகழும் போரே பெரிது. முன்னதன் முடிவு எவர்க்கும் முன்னரே தெரியும். பின்னதில் எது வெல்லினும் ஓர் அறம் அடிபடும். ஆகலின் காண்போர் நெஞ்சம் நடுங்கும்.

நடுநாட்டில் நிகழும் தெருக்கூத்தும் இவ்வுண்மையை நன்கு உணர்த்துகின்றது. விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதி அம்மன் கோயில் விழா இளவேனிற் பருவத்திலும் முதுவேனிற் பருவத்திலும் சிறப்பாக நடைபெறும். பகலில் பாரதப் பிரசங்கம் நிகழும். இரவில் கூத்து நிகழும். அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என வரிசையாக ஆட்டங்கள் நடைபெறும். கட்டியங்காரன் வந்து கதை தொடங்குவான். திரைக்குப் பின்னிருந்து வேடதாரிகள் வெளிப்படுவர். மத்தளமும் முகவீணையும் ஒலிக்கும். மக்கள் பாய்விரித்து அமர்ந்து விடியுங்காறும் காண்பர். பிரசங்கியார் எடுத்து விளக்கும் பாரதத்தை இயற்றிய வில்லிபுத்தூராரும் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் தோன்றியவர் என்பர். ஆகவே பாரதம் இம்மண்ணுக்கு வந்து தங்கிய விருந்தன்று. இல்லத்தில் பிறந்த பிள்ளையே ஆகும்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. கர்ணன் மாள்வான் என்பது கூத்துக் காண வந்த கிழவர்க்கும் தெரியும். மடியில் உறங்கும் குழந்தைக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையை மக்கள் ஆண்டுதோறும் கண்விழித்துக் காண்பது ஏன்? ‘அடுத்து என்ன நிகழும்?’ என்னும் ஆவலே கதையின் உயிர் என்று கூறுவோர் இவ்வினாவிற்கு விடை கூற இயலாது. மக்கள் காண விரும்புவது முடிவை அன்று. அம்முடிவை நோக்கிக் கர்ணன் தானே அறிந்து அடியெடுத்து வைக்கும் அந்த நொடியையே அவர்கள் காண விரும்புகின்றனர்.

போர் தொடங்குவதற்கு முன் குந்தி கர்ணனிடம் வருகின்றாள். பிறந்த அன்றே தன்னை ஆற்றில் விட்ட தாய் அவளே என்பதனை அவன் அறிகின்றான். வாழ்நாள் முழுதும் எவருடைய முகத்தைத் தேடினானோ அவளே முன்னின்று, தம்பியரோடு வந்து சேருமாறு அழைக்கின்றாள். அழைப்பை ஏற்பின் தாயும் தம்பியரும் அரசும் கிட்டும். ஆனால் உலகமே குலம் கேட்டு இகழ்ந்த நாளில் முடிசூட்டித் தோழனாக ஏற்ற துரியோதனனைக் கைவிட நேரும். கர்ணன் செய்ந்நன்றியைத் தேர்ந்தெடுக்கின்றான். அதனோடு அமையாது, நாகக்கணையை அர்ச்சுனன்மேல் இருமுறை எய்வதில்லை என்றும், மற்றை நால்வரையும் கொல்வதில்லை என்றும் தாய்க்கு வரம் அளிக்கின்றான். தோழனுக்கு உயிரையும், தாய்க்கு வெற்றியையும் கொடுத்துவிட்ட அவனுக்கு எஞ்சியது யாது? இறந்தபின் தன்னை மடிமேற் கிடத்தி மகனே என்று அழவேண்டும் என அவன் வேண்டிக்கொண்ட அது ஒன்றே.

கர்ண மோட்சக் கூத்தில் மற்றொரு பகுதியும் கருதத்தக்கது. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகின்றான். குலம் அறியாதவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்னும் மனக்குறை அவளுக்கு உண்டு. ஆகவே இருவருக்கும் இடையே சொற்போர் நிகழ்கின்றது. கூத்தர் இதனைத் தர்க்கம் என்பர். ஊரார் இதற்கெனவே காத்திருப்பர். வில்லும் வாளும் இல்லாத இப்போர், களத்தில் நிகழும் போரைக் காட்டிலும் கூர்மையுடையது. நாளை மாளப்போகின்றவன் இன்று வேண்டுவது ஓர் இன்சொல்லே. அதனைக் கொடுக்க வேண்டியவளோ தன் மனக்குறையை விட மாட்டாதவளாய் நிற்கின்றாள். பகைவன் கையால் பட்ட புண்ணைக் காட்டிலும், அன்புடையார் நாவால் பட்ட புண் ஆழமானது என்பதனை இப்பகுதி உணர்த்துகின்றது. உறவு நெருங்க நெருங்க முரண் வலுக்கும் என்பது நாடக இலக்கணத்தின் அடிப்படைகளுள் ஒன்று.

விழாவின் இறுதியில் படுகளம் நிகழும். வெட்டவெளியில் மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவம் கிடத்தப்பெற்றிருக்கும். வீமன் அவனை வீழ்த்துவான். திரௌபதி தன் சபதம் முடித்துக் கூந்தல் முடிப்பாள். திரௌபதி அம்மனையே தெய்வமாக வழிபடும் ஊர்களில், அவளைச் சபையில் மானபங்கம் செய்வித்தவன் மாண்டபோது மகிழ்ச்சி ஆரவாரம் மட்டுமே எழும் என்று எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் பல ஊர்களில் பெண்டிர் அவ்வுருவத்தைச் சூழ்ந்து நின்று ஒப்பாரி வைத்து அழுவர். பகைவனும் ஒரு தாயின் மகன், ஒருத்தியின் கணவன், தோழனுக்கு முடி கொடுத்தவன். அவன் வீழ்ச்சியும் அழுதற்குரியது. எழுத்தறியாத மக்கள் பல தலைமுறைகளாகப் போற்றிவரும் இவ்வழக்கத்தில் நாடகக் கலையின் ஆழ்ந்த உண்மை ஒன்று பொதிந்திருக்கின்றது. எதிரிக்காகவும் கண்ணீர் சிந்த வைக்கும் கதையே பெருங்கதை.

இளங்கோவடிகளும் இவ்வுண்மையை நன்கறிந்தவர். பாண்டியன் நெடுஞ்செழியனை அவர் கொடுங்கோலனாகப் படைத்திருக்கலாம். படைத்திருப்பின் கண்ணகியின் வெற்றி எளிதாக முடிந்திருக்கும், காப்பியம் சிறுத்திருக்கும். அவர் அங்ஙனம் செய்திலர். பொற்கொல்லனே வஞ்சகன், அவனோ சிறியவன். மன்னன் ஆராயாது கட்டளையிட்ட ஒரு பிழையைத் தவிர, நெறி வழுவாதவன். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, அவன் ஒரு பொய் கூறியிருப்பின் உயிர் பிழைத்திருப்பான். அவ்வாறு கூறாது தன்னைத்தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் துறந்தான். எதிரே நின்றவன் நீதிமான் ஆகையால்தான் கண்ணகியின் வழக்கிற்கு அத்துணை ஆற்றல் உண்டாயிற்று. கொடியவனிடம் நீதி கேட்பதில் பயன் யாது?

கிரேக்க நாட்டிலும் இதனோடு ஒப்பிடத்தக்க நாடகம் ஒன்று உண்டு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோபக்கிளீசு என்பார் இயற்றிய ‘ஆண்டிகனி’ என்பது அது. நாட்டின்மேல் படையெடுத்து வந்து மாண்டவனை அடக்கம் செய்யலாகாது என்பது மன்னன் ஆணை. மாண்டவன் உடலுக்கு மண்ணிடுவது உடன்பிறந்தாளின் கடமை. நாட்டைக் காக்கும் ஆணையும், இரத்த உறவின் கடமையும் நேருக்கு நேர் நிற்கின்றன. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும் அந்நாடகம் உலகெங்கும் நடிக்கப்பெறுகின்றது. மொழியும் நாடும் வேறாயினும் மனித நெஞ்சம் கவர்க்கும் இடம் ஒன்றே என்பது இதனால் பெறப்படும்.

இனித் திரைப்படத்திற்கு வருவோர், விழுப்புரத்திலிருந்தே தொடங்கலாம். 1928-ஆம் ஆண்டில் விழுப்புரத்தில் பிறந்து, சிவாஜி கணேசன் என்று உலகம் போற்ற விளங்கிய பெருநடிகரின் முதற்படம், 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’. மு. கருணாநிதியின் உரையாடலால் அப்படம் பெரும்புகழ் பெற்றது. அதன் நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாக ஒப்பித்த இளைஞர் அந்நாளில் எண்ணிறந்தவர். ஆயினும் அக்காட்சியின் வலிமை சொல்லடுக்கினால் மட்டும் வந்ததன்று. இரங்கூனிலிருந்து தங்கையின் திருமணத்திற்குப் புறப்பட்ட குணசேகரன், கைப்பொருள் அனைத்தும் இழந்து, பித்தன்போல் திரிகின்றான். தங்கையோ கணவனை இழந்து, இட்டிலி விற்றுப் பிழைக்கின்றாள். அவளருகே நின்றும் தன்னை இன்னானென்று வெளிப்படுத்த அவன் நாணுகின்றான். அணைத்துக் கொள்ளத் துடிக்கும் அன்பு ஒருபால். வெறுங்கையோடு தமையன் என்று சொல்லிக்கொள்ள ஒவ்வாத மானம் மற்றொருபால். வாய் மூடி நின்ற அந்நாட்களின் வேதனையே பின்னர் நீதிமன்றத்தில் வெள்ளமாகப் பெருகியது. அடைத்து வைத்த நீரே மடை திறந்தபோது பாயும். முன்னர் அடைத்து வையாத ஆசிரியன் பின்னர் எத்துணை நீண்ட உரையாடல் எழுதினும் அது வெறும் ஓசையாகவே முடியும்.

1954-இல் வெளிவந்த ‘மனோகரா’ இதனினும் தெளிவான சான்று. பம்மல் சம்பந்த முதலியாரின் புகழ்பெற்ற நாடகம் திரைவடிவம் பெற்றது அது. மன்னன் புருஷோத்தமன் வசந்தசேனை என்பாளின் வலையில் வீழ்ந்து, அரசி பத்மாவதியை அவமதிக்கின்றான். மகன் மனோகரனுக்குத் தோள்வலிமை உண்டு, சினமும் உண்டு, தந்தையின் தவற்றைத் தடுக்கும் ஆற்றலும் உண்டு. அவனைத் தடுத்து நிறுத்தியது சிறைச்சாலையன்று. இரும்புச் சங்கிலியும் அன்று. தந்தைக்கு எதிராக வாளெடுக்கலாகாது என்று தாய் பெற்ற வாக்குறுதியே அவனைக் கட்டியது. யாருக்காக அவன் சினந்தானோ அவளே அவன் கையைக் கட்டினாள். வெளிச்சங்கிலி அறுபடும் இறுதிக் காட்சியில் மக்கள் ஆர்ப்பரித்தது, அதற்கு முன்னரே தாயின் சொற்சங்கிலி அறுபட்டமையால்தான். தடையானது பகைவனிடமிருந்து வருவதனினும், அன்புடையாரிடமிருந்து வருவது ஆற்றல் மிக்கது என்பதற்கு இது சான்று.

அந்நடிகரே, பி. ஆர். பந்துலு 1964-இல் உருவாக்கிய ‘கர்ணன்’ படத்தில் கர்ணனாகத் தோன்றினார். நடுநாட்டுச் சிற்றூர்களில் தீப்பந்த ஒளியில் ஆடிய கர்ணனும், வெண்திரையில் வண்ணத்தில் தோன்றிய கர்ணனும் ஒரே கவலையில் நின்றவர்களே. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2012-இல், அப்படம் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திரையிடப்பட்டபோதும் மக்கள் திரண்டு வந்து கண்டனர். தேர்களும் யானைகளும் அவர்களை அழைத்து வந்தில. அவற்றினும் பெரிய சேனைகளைக் காட்டும் படங்கள் இந்நாளில் பல உண்டு. தாயையும் தோழனையும் இரு தட்டில் வைத்து நிறுத்தும் அந்தத் துலாக்கோலே அவர்களை அழைத்தது.

‘சண்டைக் காட்சி இல்லையேல் மக்கள் விரும்பார், போட்ட முதல் திரும்பாது’ என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றை முற்றும் புறக்கணித்தல் முறையன்று. திரைப்படம் பெருமுதல் வேண்டும் தொழில். 1954-இல் எஸ். பாலசந்தரின் இயக்கத்தில் வெளிவந்த ‘அந்த நாள்’ என்னும் படத்தில் பாட்டும் இல்லை, ஆடலும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. வெளிவந்த காலத்தில் அது பெருவருவாய் ஈட்டிற்று என்று கூறுதற்கில்லை. ஆயினும் அவ்வாண்டில் வருவாய் குவித்துப் பின் மறக்கப்பட்ட படங்கள் பல. ‘அந்த நாள்’ இன்றும் பேசப்படுகின்றது. சென்னையில் குண்டு வீழ்ந்த 1943-ஆம் ஆண்டினைப் பின்னணியாகக் கொண்டது அக்கதை. தன் அறிவை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பினால் நாட்டின் மறைபொருளைப் பகைவர்க்கு விற்கத் துணிந்தவன் கணவன். நாட்டைத் தாயாகக் கருதுபவள் மனைவி. அன்பு குறையாத இல்லத்தில் இவ்விரண்டு கொள்கைகளும் ஒரு கூரையின்கீழ் வாழ்கின்றன. அதனைவிடக் கொடிய போர்க்களம் வேறு யாது?

வருவாயும் பெயரும் ஒருங்கே பெற்ற படங்களிலும் இவ்வமைப்பே காணப்படும். 1968-இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’, கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையைத் தழுவியது. நாகசுரக் கலைஞன் ஒருவனும் நாட்டியக் கலைச்செல்வி ஒருத்தியும் ஒருவர்மேல் ஒருவர் காதல் கொள்கின்றனர். எனினும் எவர் கலை உயர்ந்தது என்னும் செருக்கு இருவரையும் பிரிக்கின்றது. ஆங்கும் தீயோர் சிலர் உளர். ஆயினும் கதையை நடத்துவது அவர்தம் சூழ்ச்சியன்று. காதலும் கலைச்செருக்கும் ஒரே நெஞ்சில் குடியிருப்பதே கதையை நடத்துகின்றது.

இனி, முரணை வளர்க்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குதல் பொருந்தும். விக்கிரவாண்டியைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் உடன்பிறந்தார் இருவர் வாழ்வதாகக் கொள்க. தந்தை விட்டுச் சென்ற கிணறு ஒன்று. இருவரும் முறை வைத்து நீர் இறைக்கின்றனர். மழை பொய்த்த ஆண்டில் கிணற்று நீர் ஒருவர் கரும்புக்கே போதும். கரும்பு விற்று மகளின் திருமணத்தை முடிக்க வேண்டியவன் மூத்தவன். மகனின் படிப்பிற்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டியவன் இளையவன். முதிய தாய் இருவர் வீட்டிலும் மாறிமாறி உண்டு வாழ்கின்றாள். இதில் தீயவன் எவனும் இலன். ஆயினும் முரண் உண்டு.

ஓர் இரவு, மூத்தவனின் முறையில், இளையவன் மடையைத் தன் கழனிக்குத் திருப்பிவிடுகின்றான். அதனைத் தாய் கண்டுவிடுகின்றாள். ஆயினும் வாய் திறந்திலள். மறுநாள் மூத்தவன் கேட்கின்றான், இளையவன் மறுக்கின்றான். ஊர் கூடுகின்றது. திருவாமாத்தூர்க் கோயிலிலுள்ள வட்டப்பாறையின்முன் பொய்யாணை இட்டவர் அழிவர் என்பது இவ்வட்டாரத்தாரின் நம்பிக்கை. ஆங்கு வந்து ஆணையிடுமாறு மூத்தவன் அழைக்கின்றான். ஊரார்முன் நாணிய இளையவனும் உடன்படுகின்றான். இப்பொழுது கதையின் பாரம் முழுதும் தாயின் தலைமேல் ஏறுகின்றது. அவள் பேசின், ஒரு மகன் ஊரார்முன் கள்வனாவான். பேசாதிருப்பின், அம்மகன் தெய்வத்தின்முன் பொய்யனாவான். அவள் நம்பிக்கையின்படி அவன் உயிருக்கே அழிவு நேரும். ஒரு குடம் நீரில் தொடங்கிய வழக்கு ஓர் உயிரில் வந்து நிற்கின்றது.

இவ்வமைப்பினின்று அறியத்தக்கன சில உண்டு. முதலாவது, நிகழ்ச்சி ஒவ்வொன்றும் முன்னதன் பயனாகப் பிறத்தல் வேண்டும். ‘அதன்பின் இது நிகழ்ந்தது’ என்று கூறுவது செய்தி. ‘அதனால் இது நிகழ்ந்தது’ என்று கூறுவது கதை. இரண்டாவது, விலை படிப்படியாக உயர்தல் வேண்டும். நீர், மானம், உயிர் என ஏறி வருதலே முறை. இறங்கி வருமாயின் காண்போர் உறக்கம் கொள்வர். மூன்றாவது, எதிர் நிற்பவன் வலிமையிலும் நியாயத்திலும் இணையானவனாக இருத்தல் வேண்டும். நான்காவது, திரைக்கதையில் உள்ளத்தின் போராட்டம் செயலாகப் புலப்படல் வேண்டும். கூத்தில் வேடதாரி பாடியும் பேசியும் தன் நெஞ்சைத் திறப்பான். திரையிலோ ஒளிப்படக் கருவி மிக அண்மையில் சென்று கையின் நடுக்கத்தையும் காட்டவல்லது. அத்தாய் தன் துயரை நீண்ட உரையாடலால் கூற வேண்டுவதில்லை. இளைய மகன் இட்ட சோற்றை அவள் அன்றிரவு உண்ணாது எழுந்து செல்வாளாயின் அதுவே போதும்.

நல்ல முரண் அமைந்த கதை பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதன்று. அது நாட்டுக்கும் நன்மை பயக்கும். தீமையெல்லாம் ஒருவனிடத்தே உண்டு, அவனை வீழ்த்திவிட்டால் உலகம் திருந்திவிடும் என்று மீண்டும் மீண்டும் காட்டும் கதைகளைக் கண்டு வளரும் சிறுவன், நாளடைவில் தன்னோடு மாறுபடுவோர் அனைவரையும் தீயோராகவே காணப் பழகுவான். வரப்புச் சண்டையிலும், தெருவழக்கிலும், ஊர்ப்பகையிலும் அப்பழக்கம் வந்து புகும். எதிர்த்து நிற்பவனுக்கும் ஒரு பசி உண்டு, ஒரு கடன் உண்டு, ஒரு தாய் உண்டு என்பதனைக் கதை வாயிலாக உணர்ந்தவனோ, கையோங்குமுன் ஒருகணம் நிற்பான். அந்த ஒருகணமே நாகரிகத்தின் தொடக்கம். படுகளத்தில் துரியோதனனுக்காக அழுத பெண்டிர் அதனைத் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். தெருக்கூத்துக் குறைந்துவரும் இக்காலத்தில் அக்கடமை திரைக்கதை எழுதுவோர்மேல் வந்து சேர்ந்திருக்கின்றது.

ஆதலின் திரைக்கதை எழுத விரும்பும் இளைஞர், தம் கதைத்தலைவனின் வழக்கை எழுதுமுன் எதிரியின் வழக்கை எழுதிப் பார்த்தல் நன்று. பருந்துக்காக வாதிட இயலாதவன் புறாவின் கதையை எழுதத் தகுதியற்றவன். பருந்தின் பசியையும் புறாவின் அச்சத்தையும் ஒரே துலாக்கோலில் வைத்து, நடுவே நிற்கும் மனிதனின் கை நடுங்குவதை உள்ளவாறு காட்டுவானாயின், அவன் கதையில் வாளோசை இல்லையெனினும் காண்போர் அசையாது அமர்ந்திருப்பர்.

விக்கிரவாண்டிக் கவர்வழியில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் பிரிந்து செல்கின்றன. வழிகாட்டும் பலகை ஆங்கு உண்டு. ஆதலின் எவரும் தயங்குவதில்லை. வாழ்க்கையின் கவர்வழிகளிலோ அத்தகைய பலகை இல்லை. அங்கே நின்று தயங்கும் மனிதனோடு தாமும் நின்று, அவன் தேர்ந்த வழியையும் கைவிட்ட வழியையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கச் செய்வதே கதையின் பணி. அப்பணியைச் செய்வது எதுவோ அதுவே முரண். அதுவே கூத்தின் உயிர்.